பில்லு பாஸாயிருச்சுன்னா சட்டமாயிருச்சா? கேரளா நியமசபால (சட்டசபைல) ஒரு பில் (மசோதா) போற வழி, கரடுல (வரைவுல) இருந்து கெஜட் (அரசிதழ்) வரைக்கும்

2011 பிப்ரவரி கடைசி. அப்ப நான் கொழிஞ்சாம்பாறைல ஒரு ஜெராக்ஸ் கடைல டைப் அடிச்சுட்டு இருந்தேன். பெருமாட்டி பக்கமிருந்து ஒரு தாத்தா மலையாளப் பேப்பரை மடிச்சு கக்கத்துல வச்சுட்டு வந்து நின்னாரு. "ஏங்கண்ணு, பிளாச்சிமடா பில்லு பாஸாயிருச்சாமா, நஷ்டஈட்டுக்கு எங்க எழுதோணும், ஒரு மனு அடிச்சுக் குடு சாமி"ன்னாரு. எனக்கும் ஒண்ணும் தெரியாது, பேப்பர்ல பெருசா போட்டிருக்கு, அப்ப சட்டம் வந்தாச்சுன்னுதான் நானும் நெனச்சேன், கலெக்டருக்கு ஒரு மனு அடிச்சுக் குடுத்து பத்து ரூபா வாங்கிட்டேன். பிளாச்சிமடால கோலா ஆலையால தண்ணி கெட்டதுக்கு நஷ்டஈடு வாங்கித் தர வந்த அந்தப் பில்லு கடைசி வரைக்கும் சட்டமாகவே இல்ல. ஏன்னு கீழ சொல்றேன். அந்தப் பத்து ரூபா உறுத்தல்லதான் அப்புறம் இந்த விஷயத்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், இப்பவும் கடைக்கு வர்றவங்க "பில்லு பாஸாச்சாமே"ன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "பில்லு இப்ப யாரு டேபிள்ல இருக்கு?" அது தெரிஞ்சாத்தான் யாருக்கு மனு போடறதுன்னு தெரியும்.

நான் சொல்றது கேரளா நடைமுறை, பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா, தேவிகுளம், பீர்மேடுன்னு இந்தப் பக்கம் இருக்கற நம்மாளுகளுக்காக. ஆந்திராச் சித்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு நடுவுல ஒரு விஷயம் மாறும், அதையும் சொல்லிடறேன்.

மொதல்ல இந்த வார்த்தைக் குழப்பம்

இதத் தீர்க்காம மேல போனா எல்லாம் தப்பாப் புரியும். மலையாளத்துல நியமம்னா நம்ம சட்டம். மலையாளத்துல சட்டம்னா நம்ம விதி, அதாவது சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் போடற ரூல்ஸ். மலையாளத்துல விதின்னா கோர்ட்டுத் தீர்ப்பு. வகுப்புன்னா டிபார்ட்மென்ட்டும் அதான், சட்டத்துல இருக்கற பிரிவும் அதான், பள்ளிக்கூடத்து கிளாஸ் கிடையாது. கரடுன்னா வரைவு, டிராஃப்ட். பேதகதின்னா திருத்தம். அதனால மலையாளப் பேப்பர்ல "சட்டம் ஆயில்லா"ன்னு இருந்தா சட்டமே வரலைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, சட்டம் வந்துருச்சு ரூல்ஸ் இன்னும் வரலைன்னு அர்த்தம். தமிழும் மலையாளமும் தெரிஞ்சவங்கதான் இதுல அதிகமா ஏமாறுவாங்க, ரெண்டும் ஒரே மாதிரி காதுல விழறதால.

படி 1: கரடு

பில்லு சபைல பிறக்கறதில்ல, செக்ரட்டேரியட்ல பிறக்குது. சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட், விவசாயமோ ரெவின்யூவோ, இன்னது வேணும்னு குறிப்பு எழுதும், லா டிபார்ட்மென்ட் அதைச் சட்ட பாஷைல எழுதி, இது மாநிலம் கை வைக்கற விஷயமா, மத்திய சட்டம் எதுக்கும் முட்டுதான்னு பாக்கும். அப்புறம் கேபினட். கேபினட் ஒத்துக்கிட்டாத்தான் சபைக்கு வரும். கஜானால இருந்து காசு செலவாகற பில்லுன்னா அரசியல் சாசனத்தோட ஆர்ட்டிகிள் 207 படி கவர்னரோட சிபாரிசும் வேணும்.

இதுல கவனிக்க வேண்டியது, மத்திய சட்டத்தோட முட்டுதாங்கற அந்தக் கேள்விதான். அரசியல் சாசனத்துல மூணு பட்டியல் இருக்கு, மத்தியம், மாநிலம், பொது. பொதுப் பட்டியல்ல இருக்கற விஷயத்துல மத்திய சட்டம் ஏற்கெனவே இருந்து, மாநிலம் அதுக்கு மாறா ஒண்ணு போட்டா, ஜனாதிபதி ஒப்புதல் இருந்தாத்தான் இங்க செல்லும், ஆர்ட்டிகிள் 254 அதான் சொல்லுது. காட்டுப்பன்னி தோட்டத்த நாசம் பண்ணுதுன்னு 2025 அக்டோபர்ல கேரளா சபை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கே ஒரு திருத்தப் பில் பாஸ் பண்ணுச்சே, அது இந்த ரகம்தான். வனமும் வனவிலங்கும் 1976 திருத்தத்துல பொதுப் பட்டியலுக்குப் போயிருச்சு, அதனால சபைல பாஸானாலும் வழி டெல்லி வரைக்கும் நீளம். ஒரு பில்லு பேரைக் கேட்டதுமே இந்தக் கணக்கப் போட்டுப் பாத்துட்டா பாதி விஷயம் தெரிஞ்ச மாதிரி.

படி 2: அவதரணம்

மந்திரி எந்திரிச்சு பில்லை அறிமுகப்படுத்த அனுமதி கேப்பாரு, அத மலையாளத்துல அவதரிப்பிக்கறதும்பாங்க. மந்திரியா இல்லாத எம்எல்ஏவும் தனியா பில் கொண்டு வரலாம், அதுக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருக்கு, ஆனா அது சட்டமாகற வழக்கம் ரொம்ப ரொம்பக் கம்மி, ஒரு விஷயத்தை பேச்சுக்குக் கொண்டு வர்றதுக்கு உதவும் அவ்வளவுதான்.

இங்க நீங்க குறிச்சுக்க வேண்டியது பில் நம்பர். நம்பர் ஒவ்வொரு சபைக்கும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதனால நம்பர் மட்டும் போதாது, 14வது சபையா 15வது சபையான்னும் சேத்து எழுதணும். நியமசபா வெப்சைட்ல பில்லோட காப்பி மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் கிடைக்கும். படிக்கத் தெரியலைன்னா மொதல்ல கடைசிப் பக்கத்துக்குப் போங்க, "நோக்கங்களும் காரணங்களும்"னு ஒரு குறிப்பு இருக்கும், எதுக்கு இந்தப் பில்லுன்னு சுமாரா ஒரு பக்கத்துல சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் பிரிவுகள்ல நம்ம ஊரு நம்ம தொழில் பேரு எங்கயாவது வருதான்னு பாருங்க.

படி 3: சப்ஜெக்ட் கமிட்டி, நம்ம குரல் நுழையற ஓட்டை இங்கதான்

கேரளால மத்த பல மாநிலத்துல இல்லாத ஒரு நல்ல பழக்கம் இது. 1980லயே சப்ஜெக்ட் கமிட்டின்னு ஆரம்பிச்சாங்க, நாட்டுல முதல் தடவை, இப்ப 14 கமிட்டி இருக்கு, விவசாயம், கல்வி, சுகாதாரம்னு விஷயவாரியா. பில் அறிமுகமானதும் சம்பந்தப்பட்ட கமிட்டிக்கு அனுப்பறதுதான் வழக்கம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ரெண்டு பக்கத்து எம்எல்ஏவும் உக்காந்து ஒவ்வொரு பிரிவா படிப்பாங்க, மாத்துவாங்க, எதிர்க்கறவங்க தனியா விலகல் குறிப்பு எழுதி ரிப்போர்ட்ல சேக்கலாம். ஒரு குறையும் சொல்லணும், அந்தத் துறை மந்திரியேதான் கமிட்டிக்குத் தலைவர், தான் கொண்டு வந்த பில்லைத் தானே பரிசோதிக்கற மாதிரி. இருந்தாலும் டிவி கேமரா இல்லாத ரூமுங்கறதால சபைல கத்திக்கறவங்க கூட அங்க நிதானமா பேசுவாங்க, எனக்கு இந்த முறை பிடிச்சிருக்கு. இன்னும் பெரிய பில்லுன்னா செலக்ட் கமிட்டின்னு தனியா ஒண்ணு போடுவாங்க, அது மக்கள்கிட்ட கருத்துக் கேக்கறதுக்காக ஊர் ஊரா போறதும் உண்டு.

நீங்க செய்ய வேண்டியது: பில் கமிட்டில இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே கமிட்டில யார் யாரு மெம்பர்னு வெப்சைட்ல பாருங்க, நம்ம ஜில்லாக்காரங்க இருந்தா நேர்ல போய் பாருங்க, இல்லைன்னா நியமசபா செக்ரட்டரிக்கு எழுதுங்க. "பில்லை வாபஸ் வாங்கணும்"னு எழுதினா குப்பைக்குப் போகும். "பிரிவு இன்னது, அதுல இந்த வார்த்தைக்குப் பதிலா இந்த வார்த்தை வேணும், ஏன்னா எங்க ஊர்ல இப்படி ஆகுது"ன்னு எழுதினா யாராவது ஒருத்தர் எடுத்துப் பேச வாய்ப்பிருக்கு, ஏன்னா எதிர்க்கட்சி எம்எல்ஏவுக்குத் திருத்தம் குடுக்க ரெடிமேடா ஒண்ணு கையில கிடைச்ச மாதிரி. கமிட்டி சில சமயம் ஒரே நாள்ல ரெண்டு நாள்ல ரிப்போர்ட் குடுத்துரும், அதனால தள்ளிப் போடாதீங்க.

படி 4: சபைல விவாதமும் ஓட்டும்

கமிட்டி ரிப்போர்ட்டோட பில் திரும்ப வரும். பொதுவா ஒரு விவாதம், அப்புறம் ஒவ்வொரு பிரிவா ஓட்டு, அதுலதான் பேதகதிகள் வரும், கடைசியா மொத்தமா பாஸ். 140 பேர் சபைல கோரம், அதாவது சபை நடக்கக் குறைஞ்சது இருக்க வேண்டியது, 14 பேர், வந்திருந்து ஓட்டுப் போடறவங்கள்ல பாதிக்கு மேல இருந்தா பாஸ். பெரும்பாலும் குரல் ஓட்டுதான், யாராவது டிவிஷன் கேட்டாத்தான் எண்ணுவாங்க. எதிர்க்கட்சி வெளிநடப்பு பண்ணிட்டா ஒரு மணி நேரத்துல நாலு பில்லு போயிரும். இத சபா டிவில பாக்கலாம், 2020ல ஆரம்பிச்சது, பொறுமை வேணும்.

நம்ம பாஷைல பேச முடியுமான்னு கேக்கறவங்களுக்கு: ஆர்ட்டிகிள் 210 படி சபையோட பாஷை தெரியாத மெம்பருக்குத் தாய்மொழில பேச சபாநாயகர் அனுமதி குடுக்கலாம். 2021ல தேவிகுளம் எம்எல்ஏ தமிழ்ல பதவிப் பிரமாணம் எடுத்தாரு, சந்தோஷமா பாத்துட்டு இருந்தோம், அப்புறம் பாத்தா தமிழ் வாசகத்துல "உளமார உறுதி கூறுகிறேன்"ங்கற மாதிரி இருக்க வேண்டிய வார்த்தையே இல்லையாம், பிரமாணம் செல்லாதுன்னு மறுபடி எடுக்க வச்சு, நடுவுல சபைல உக்காந்த நாளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபான்னு 2,500 ரூபா அபராதம் வேற. ஒரு வார்த்தை விட்டுப் போனா என்ன ஆகும்னு பில் படிக்கறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஆந்திராப் பக்கம் இங்கதான் மாறுது. கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே சபை, தமிழ்நாட்டு மேலவை 1986லயே போயிருச்சு. ஆந்திராவுக்கு ரெண்டு, 175 எம்எல்ஏ இருக்கற கீழ்சபையும் 58 பேர் இருக்கற கவுன்சிலும். அங்க நகரிங்கற ஊர்ல இருக்கற எங்க பெரியம்மா மக வீட்டுக்காரர் கேப்பாரு, எங்களுக்கு எதுக்கு மாப்ள ரெண்டு வீடுன்னு. கவுன்சிலால ஒரு பில்லைக் கொல்ல முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும், முதல் தடவை மூணு மாசம், சபை மறுபடி பாஸ் பண்ணி அனுப்பினா ஒரு மாசம், அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும். பண பில்லுன்னா, அதாவது வரி, அரசாங்கச் செலவு மாதிரி பண விஷயம் மட்டும் இருக்கற பில்லுன்னா, 14 நாள்தான். 2020 ஜனவரில மூணு தலைநகர் பில்லைக் கவுன்சில்ல நிறுத்தினாங்கன்னு ஆளுங்கட்சிக்காரங்க கோவப்பட்டு, கவுன்சிலையே கலைக்கணும்னு தீர்மானம் போட்டாங்க, 2021 நவம்பர்ல அதை அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க.

படி 5: கவர்னர்

பேப்பர்ல "பில்லு பாஸாச்சு"ன்னு வர்றது நாலாவது படி முடிஞ்சதும். நெஜமா கதை இங்கதான் ஆரம்பிக்குது. ஆர்ட்டிகிள் 200 படி கவர்னர் ஒப்புதல் குடுக்கலாம், குடுக்காம நிறுத்தி சபைக்கே திருப்பி அனுப்பலாம், இல்ல ஜனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம். பண பில்லைத் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பினதை சபை மறுபடி, மாத்தியோ மாத்தாமலோ, பாஸ் பண்ணிட்டா அப்புறம் ஒப்புதல் குடுக்க மாட்டேங்க முடியாது.

எத்தனை நாளுக்குள்ளன்னு சாசனத்துல எழுதல. "கூடிய சீக்கிரம்"னுதான் இருக்கு, அதுவும் திருப்பி அனுப்பறதுக்குத்தான். அந்த ஓட்டைல எத்தனை பில்லு மாட்டுச்சு! 2023 நவம்பர் 10ல பஞ்சாப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, கவர்னர் பில்லைக் கையில வச்சுட்டு சும்மா உக்கார முடியாது, ஒப்புதல் இல்லைன்னா திருப்பி அனுப்பித்தான் ஆகணும்னு. கேரளாவும் அப்ப கோர்ட்டுக்குப் போயிருந்துச்சு, எட்டு பில்லு கிடந்துச்சு, அந்த மாசக் கடைசில பொதுச் சுகாதாரப் பில் ஒண்ணுக்கு மட்டும் ஒப்புதல் குடுத்துட்டு மிச்சம் ஏழையும் ஜனாதிபதிக்கு அனுப்பிட்டாரு கவர்னர். சும்மா வச்சிருக்கக் கூடாதுன்னா டெல்லிக்கு அனுப்பிடலாமேன்னு ஆயிருச்சு. 2025 ஏப்ரல் 8ல தமிழ்நாடு கேஸ்ல ரெண்டு ஜட்ஜ் பெஞ்ச் மாசக்கணக்குல கெடு வச்சு, பத்து பில்லு ஒப்புதல் ஆனதாவே எடுத்துக்கணும்னு சொல்லுச்சு, இங்க எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஜனாதிபதி கேட்ட கேள்விக்கு அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் 2025 நவம்பர் 20ல பதில் சொன்னப்ப, கோர்ட் அப்படி கெடு வைக்க முடியாது, தானா ஒப்புதல் ஆனதுன்னும் எடுத்துக்க முடியாது, ரொம்ப நாள் காரணமில்லாம இழுத்தா மட்டும் ஒரு முடிவெடுங்கன்னு கோர்ட் சொல்லலாம்னு முடிச்சாங்க. அதனால வாட்ஸ்அப்ல இன்னும் "மூணு மாசத்துல தானா சட்டமாயிரும்"னு சுத்திட்டு இருக்கறத நம்பாதீங்க, அது பழைய கதை.

படி 6: ஜனாதிபதி, நம்ம பிளாச்சிமடா

ஆர்ட்டிகிள் 201. இதுல கெடு கிடையாது, இன்னொரு கஷ்டமும் இருக்கு: ஜனாதிபதி திருப்பி அனுப்பச் சொல்லி, சபை ஆறு மாசத்துக்குள்ள மறுபடி பாஸ் பண்ணி அனுப்பினாலும் ஒப்புதல் குடுத்தே ஆகணும்னு இல்ல. கவர்னருக்கு இருக்கற கட்டாயம் அங்க இல்ல. ஜனாதிபதின்னா நடைமுறைல மத்திய உள்துறை, அவங்க மத்த மினிஸ்ட்ரிகள்கிட்டக் கேட்டு, மாநிலத்துக்குக் கேள்வி அனுப்பி, பதில் வாங்கின்னு ஓடும்.

கேரளாவுக்கு இது முதல் சபைல இருந்தே பழக்கம். 1957ல பாஸான கல்விப் பில் ஜனாதிபதிக்குப் போய், அங்கிருந்து சுப்ரீம் கோர்ட் கருத்துக்குப் போய், 1958ல கருத்து வந்து, மாத்திப் பாஸ் பண்ணி, 1959ல தான் ஒப்புதல். நிலச் சீர்திருத்தத்துக்கான விவசாய உறவுப் பில் இன்னும் மோசம், 1959 ஜூன்ல பாஸ், ஜூலைல ஆட்சியே கலைஞ்சுது, ஜனாதிபதி திருப்பி அனுப்ப, 1960ல புது சபை அதை மாத்திப் பாஸ் பண்ண, 1961ல சட்டம். சபை கலைஞ்சா பில்லும் செத்துருமேன்னு கேஸ் போட்டாங்க, சபைக்குள்ளயே நிக்கற பில்லுதான் சாகும், பாஸாகி ஒப்புதலுக்குக் காத்திருக்கறது சாகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது அந்தக் கேஸ்லதான்.

அந்தத் தீர்ப்புதான் நம்ம தாத்தாவோட பில்லையும் உயிரோட வச்சிருந்துச்சு. கோலா கம்பெனி 2000ல பெருமாட்டி பஞ்சாயத்துல வந்து, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு 2002ல மயிலம்மா மாதிரி ஆதிவாசிப் பெண்கள் முன்னால நின்னு போராட்டம் ஆரம்பிச்சு, 2004ல ஆலை நின்னுச்சு. 2010ல அரசாங்கம் போட்ட உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல சேதம்னு கணக்குச் சொல்லுச்சு. அதை வாங்கித் தர ஒரு தனித் தீர்ப்பாயம் அமைக்கற பில் 2011 பிப்ரவரி 24ல சபைல எதிர்ப்பே இல்லாம பாஸ். கவர்னர் ஜனாதிபதிக்கு ஒதுக்கினாரு. மே மாசம் ஆட்சி மாறுச்சு, பில் சாகல, டெல்லிலதான் இருந்துச்சு. 2010லயே மத்திய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்திருக்கே, இதுக்கு மாநிலத்துக்கு அதிகாரம் இருக்காங்கற கேள்வி சுத்திச் சுத்தி வந்து, நாலு வருஷத்துக்கு மேல கிடந்து, ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்துருச்சு. சபையே ஒரே குரலா சொன்னது. படி 1ல சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கா, அங்கயே இது முட்டுது.

படி 7: கெஜட், தேதி, ரூல்ஸ்

ஒப்புதல் வந்ததும் கெஜட்ல வரும், சட்டம் நம்பர் விழும், அது பில் நம்பர் கிடையாது, வருஷத்தோட சேத்து வர்ற வேற நம்பர். அப்புறம் முதல் பிரிவைப் படிங்க. "உடனே அமலுக்கு வரும்"னு இருக்கா, இல்ல "அரசு அறிவிக்கும் தேதியில்"னு இருக்கா? ரெண்டாவதுன்னா இன்னொரு அறிவிப்புக்குக் காத்திருக்கணும். அதுக்கும் மேல ரூல்ஸ், மலையாளத்துச் சட்டம். விண்ணப்ப ஃபாரம் என்ன, ஃபீஸ் எவ்வளவு, எந்த ஆபீஸர்கிட்ட குடுக்கணும், எல்லாம் அதுலதான் இருக்கும். வில்லேஜ் ஆபீஸ்ல "எங்களுக்கு ஒண்ணும் வரல"ன்னு சொன்னா பல நேரம் அது பொய் இல்ல, ரூல்ஸ் வந்திருக்காது. அப்ப டிபார்ட்மென்ட்டுக்கு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு விண்ணப்பம் போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாள்ல பதில் வரணும்: ரூல்ஸ் எந்த நிலைல இருக்கு, எந்த ஃபைல் நம்பர்.

அவசரச் சட்டம், ஆர்டினன்ஸ்னு ஒண்ணு இருக்கே அதுன்னு கேப்பீங்க. சபை கூடாத சமயத்துல கவர்னர் கையெழுத்துல வர்றது, சபை கூடி ஆறு வாரம்தான் ஆயுசு. திரும்பத் திரும்பப் புதுப்பிச்சு ஓட்டறது கெட்ட பழக்கம். 2022 ஆகஸ்ட்ல கவர்னர் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடாததால கேரளால பதினொரு ஆர்டினன்ஸ் ஒரே நாள்ல காலாவதி ஆச்சு.

மனு எழுதறப்ப

எந்தச் சபை, பில் நம்பர் எத்தனை, எந்தப் பிரிவு, நம்ம ஊர் பேர், இந்த நாலும் முதல் மூணு வரிக்குள்ள வந்துரணும். கரடு நிலைன்னா டிபார்ட்மென்ட்டுக்கு, கமிட்டின்னா நியமசபா செக்ரட்டரிக்கும் மெம்பர்களுக்கும், கவர்னர் மாளிகைலயோ டெல்லிலயோ இருந்தா எம்பிக்கும் எம்எல்ஏவுக்கும், கெஜட்ல வந்தாச்சுன்னா கலெக்டருக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும். தமிழ்ல எழுதலாமான்னா தாராளமா எழுதலாம், கேரளா ஆட்சிமொழிச் சட்டத்துலயே, 1969ல வந்தது, தமிழ் கன்னடச் சிறுபான்மைக்காரங்க செக்ரட்டேரியட்டுக்கும் துறைத் தலைவருக்கும் நம்ம பகுதி ஆபீஸ்களுக்கும் தாய்மொழில எழுதலாம், பதிலும் அந்த மொழிலயே வரணும்னு இருக்கு. கவுண்டர்ல "மலையாளத்துல எழுதிட்டு வா"ன்னா இந்தச் சட்டத்தைச் சொல்லி, வாங்கினதுக்கு ரசீது கேளுங்க. சீல் வச்ச ரசீது, தேதியோட.